ஒன்றரைக் கண்ணில் மிஞ்சிய அரை

பிறவியிலேயே என் இடது கண் மாறுகண். வலது கண் ஆளைப் பார்க்கும்போது இடது கண் மூக்குப் பக்கம் திரும்பிக்கொள்ளும். பார்வையும் அதில் மங்கல்தான். கலியமூர்த்தி என்கிற என் பெயரை வாத்தியார் மட்டும் கூப்பிட்டார். மற்ற எல்லோருக்கும் நான் ஒன்றரைக் கண். ஐந்தாம் வகுப்போடு நான் நின்றுபோனதற்கு வீட்டு நிலைமை ஒரு காரணம், அந்தப் பெயர் இன்னொரு காரணம். ஐம்பது வயது தாண்டிய பிறகும் எதிரே நிற்பவரை நேராகப் பார்த்துப் பேச எனக்கு வரவில்லை. தரையைப் பார்ப்பேன். இல்லாவிட்டால் என் இடது பக்கம் ஒரு சுவரோ மரமோ இருக்கும்படி ஒதுங்கி நின்றுகொள்வேன். கல்யாணப் படத்தில்கூட நான் பக்கவாட்டில்தான் நிற்கிறேன்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நோய் வந்தது வலது கண்ணில்.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்த பாய் சொல்லித்தான் இதை எழுதுகிறேன். எழுதுகிறேன் என்பதும் சரியில்லை. போனை வாய்க்குக் கிட்டே வைத்துப் பேசினால் அது தானே எழுதிக்கொள்கிறது. என் மகள் சுதா சொல்லிக்கொடுத்தாள். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கொல்லைப்பக்கம் நின்று பேசுகிறேன். பிழை இருந்தால் திருத்துவது பாய் பொறுப்பு. அவருக்கு இப்போது கண் தெரிகிறது.

போன தாளடி அறுவடையின்போது நடந்தது இது. மெஷின் அறுத்த நெல்லை டிராக்டரில் ஏற்றி, கொள்முதல் நிலையத்துக் களத்தில் கொட்டிவிட்டு எங்கள் முறைக்காகக் காத்திருந்தோம். ஒரத்தநாட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் எல்லோரும் ஒரே சமயத்தில் அறுத்திருந்தார்கள். எங்களுக்கு முன்னால் நிறையக் குவியல்கள். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. படுதா போட்டு மூடினால் உள்ளே நெல் வேர்க்கும், திறந்தால் நனையும். மழை விட்டதும் படுதாவை விலக்கினோம். குவியலின் அடியில் நெல் சூடேறி, வெள்ளையும் பச்சையுமாகப் பூசணம் பூத்து, கட்டி கட்டியாக இறுகிக் கிடந்தது. ஒரு கட்டியைக் காலால் உதைத்தேன். உருண்டதே தவிர உதிரவில்லை.

கெட்டதை ஒதுக்கிவிட்டு நல்ல நெல்லைப் பரப்பிக் காயவைத்தோம். பக்கத்துக் குவியலில் தூற்றும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. காற்று எங்கள் பக்கம் திரும்பியது. வலது கண்ணில் சொணை விழுந்தது.

நெல்லின் மேல்தோலில் இருக்கிற பொடி முள்ளைத்தான் சொணை என்போம். வயல்காரன் கண்ணில் அது விழுவது புதிதில்லை. என் மனைவி வசந்தா முந்தானை நுனியைச் சுருட்டி, வாயால் ஊதிச் சூடாக்கி, கண்ணில் ஒற்றிப் பார்த்தாள்.

"ஒண்ணும் காணோமேங்க. செவந்துதான் கெடக்கு."

"உறுத்துது."

"கசக்காதீங்க. சொன்னா கேளுங்க."

தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த சுதா, கைக்குழந்தையோடு வீட்டில் இருந்தாள். கண்ணில் சொணை விழுந்தால் தாய்ப்பால் விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவளே குழந்தைக்கு மருந்து புகட்டும் பாலாடையில் பிடித்து அம்மாவிடம் கொடுத்தனுப்பினாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. மகளுடைய பால் ஆயிற்றே. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். வசந்தா முகத்தைப் பிடித்துத் திருப்பி இரண்டு சொட்டு விட்டாள். வெதுவெதுப்பாக, சுகமாக இருந்தது. பொய் சொல்லவில்லை.

மறுநாள் உறுத்தல் அதிகமானதால் மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கினேன். அதை விட்ட இரண்டொரு நாளில் சிவப்பு போய்விட்டது. எங்கள் ஊரில் ஒரு நோய் குணமானால் மருந்துக்குக் கேட்டுவிட்டது என்று சொல்வோம். நானும் அப்படித்தான் சொன்னேன். "கேட்டுருச்சு வசந்தா" என்று சொல்லிவிட்டு மறுபடி களத்துக்குப் போனேன்.

அது கேட்கவில்லை. பதுங்கியிருந்தது. அந்தச் சொட்டு மருந்தில் சிவப்பை அடக்குகிற மருந்தும் கலந்திருந்ததாம். அது உடம்பின் காவலைத் தூங்க வைத்துவிடும், காவல் தூங்கினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம் என்று டாக்டரம்மா பிறகு விளக்கினார். கடைக்காரர் என்ன செய்வார்? நான் சிவந்த கண் என்றேன், அவர் சிவப்புக்குக் கொடுத்தார். இதைப் படிக்கிறவர்கள் எனக்காக ஒன்று செய்ய வேண்டும். கண்ணில் நெல்லோ இலையோ பட்டால், சிவப்பு போனதைப் பார்த்து நம்பாதீர்கள். கண் டாக்டரிடம் காட்டுங்கள்.

நெல் எடைபோட்ட அன்று கருவிழியில் அரிசிக் குருணை அளவுக்கு வெள்ளையாக ஒன்று தெரிந்தது. மூட்டை தைத்துக்கொண்டிருந்த என் மச்சான் என் முகத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"மாமா, கண்ணுல பூ விழுந்திருக்கு. தஞ்சாவூருக்குக் கெளம்புங்க. சட்டையெல்லாம் மாத்த வேணாம். அப்படியே கெளம்புங்க."

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் வசந்தா முந்தானையால் வெயிலை மறைத்துக்கொண்டே வந்தாள். வெளிச்சம் பட்டால் கண்ணுக்குள் ஊசி குத்துவது போல இருந்தது.

கண் ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் கூடம் எப்போதும் நிறைந்திருக்கும். பாதிப் பேர் கண்ணில் பச்சைத் துணி, மீதிப் பேர் அவர்களுக்குத் துணை. என்னைப் பார்த்த டாக்டர் சின்ன வயதுப் பெண். தாடையை ஒரு தட்டில் வைத்து நெற்றியை ஒரு பட்டையில் ஒட்டவைத்து உட்காரச் சொன்னார். எதிர்ப்பக்கம் விளக்கோடு அவர்.

"கீழ பாக்காதீங்கய்யா. நேரா என்னப் பாருங்க."

எனக்கு வலியைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு பெண்பிள்ளை, அவ்வளவு கிட்டத்தில், நேராகப் பார்க்கச் சொல்கிறார். என் முகத்தை அப்படி யாரும் பார்த்ததில்லை.

"கண்ணுல ஏதாச்சும் ஊத்துனீங்களா?"

நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வசந்தா சொன்னாள்: "பொண்ணு பால் விட்டோம் டாக்டரம்மா. பெறகு கடை மருந்து." சொட்டு மருந்துப் புட்டியை மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். டாக்டரம்மா அதைப் படித்துப் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

"இந்தக் கண்ண மூடிக்கிட்டா அந்தக் கண்ணுல என்ன தெரியும்?"

"ஆளு நிக்கிறது தெரியும்ங்க. மூஞ்சி தெரியாது."

"சின்ன வயசுல கண்ணாடி போட்டீங்களா? வைத்தியம் ஏதும்?"

"இல்லீங்க."

அவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். "அப்ப உங்களுக்கு இருக்கறது இந்த ஒரு கண்ணுதான்" என்றார். ஒன்றரை என்று ஊரே சொன்னதை அவர் ஒன்று என்று திருத்தினார்.

பார்வையை அவர்கள் படி இறக்கி அளப்பார்கள். முதலில் சுவரில் உள்ள எழுத்து. அது தெரியாவிட்டால் கண்ணுக்கு எதிரே விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்பார்கள். அதுவும் முடியாவிட்டால் கையை ஆட்டிக் காட்டி, ஆடுகிறதா என்பார்கள். அதற்கும் கீழே டார்ச் வெளிச்சம். அதற்குக் கீழே படி இல்லை. போன அன்றைக்கு நான் விரல் எண்ணும் படியில் இருந்தேன்.

மரத்துப்போக மருந்து விட்டு, கருவிழியின் மேலே சின்னக் கத்தியால் சுரண்டி, அதைக் கண்ணாடிச் சில்லில் தடவி எடுத்துப்போனார்கள். வலிக்கவில்லை. கத்தி வருவது தெரிந்தது, அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா வந்து, "பூஞ்சைதான். நூல் நூலாத் தெரியுது" என்றார். நெல்லில் பூக்கிற அதே சாதி. குவியலில் நான் உதைத்த கட்டி நினைவுக்கு வந்தது.

வார்டில் கட்டில் கொடுத்தார்கள். சொட்டு மருந்து பால் போல வெள்ளையாக இருக்கும், குலுக்கித்தான் விட வேண்டும். பகலும் இரவும் மணிக்கு ஒரு தடவை. வசந்தா போனில் அலாரம் வைத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே படுத்திருப்பாள். அலாரம் அடிக்கும் முன்பே பாதி நாள் எழுந்துவிடுவாள். அந்த நாட்களில் அவள் தொடர்ந்து தூங்கியதே இல்லை. செலவுக் கணக்கை மச்சான் பார்த்துக்கொண்டார். பில் காகிதத்தை என் கையில் கொடுக்கவே மாட்டார். "ஒங்களுக்குத்தான் படிக்கத் தெரியாதே இப்ப" என்று சிரித்துக்கொண்டே சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொள்வார்.

பக்கத்துக் கட்டில் பாய் கடற்கரைப் பக்கத்து ஊரில் துணிக்கடை வைத்திருப்பவர். வண்டியில் போகும்போது கண்ணில் தூசி விழுந்து அவருக்கும் பூஞ்சை. என்னைவிட வயதில் பெரியவர். வாய் ஓயாது. எனக்கு இரண்டு ஏக்கர் என்று தெரிந்த நிமிஷத்திலிருந்து என்னை மிராசு என்றுதான் கூப்பிட்டார்.

"என்ன மிராசு, இன்னிக்கு எத்தன வெரலு?"

"நேத்து மாதிரிதான் பாய்."

"எனக்கு ஒரு வரி ஏறியிருக்கு. சுவத்துல பெரிய எழுத்து தெரியுது. கேட்டீங்களா, என்னுது வியாபாரிப் பூஞ்சை. பேரம் பேசினா படியும். உங்களுது விவசாயிப் பூஞ்சை. வரப்புல ஒக்காந்துட்டா எந்திரிக்க மாட்டான்."

வசந்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஊரை விட்டு வந்த பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பாய் சொன்னது விளையாட்டாகப் போகவில்லை. அவருக்கு அதே மருந்து, அதே அலாரம். அவருடைய வெள்ளை சுருங்கியது, என்னுடையது விரிந்தது. நான் விரல் படியிலிருந்து கை ஆட்டும் படிக்கு இறங்கினேன். ஒரு நாள் டாக்டரம்மா என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார்.

"ஐயா, பூஞ்சை தனித்தனி நூலா இருந்தா மருந்து போய்ப் பிடிச்சிடும். உங்க கண்ணுல அது ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு, சுத்தியும் பசை மாதிரி சுரந்து, பாய் விரிச்ச மாதிரி ஒரு படலம் கட்டியிருக்கு."

"என்னைய ஏம்மா இழுக்குறீங்க?" என்றார் பாய் பக்கத்திலிருந்து.

டாக்டரம்மாவும் சிரித்துவிட்டார். பிறகு தொடர்ந்தார். "மருந்து அந்தப் பசையிலயே நின்னுடுது. தப்பி உள்ள போறதையும் அது வெளிய தள்ளிவிட்டுடுது. அடியில இருக்கறது தூங்கற மாதிரி அசையாமக் கெடக்கும். வளர்றப்பதான் மருந்து அதைக் கொல்லும். தூங்கறத ஒண்ணும் பண்ணாது. லேப்ல எடுத்துத் தனியா வளத்துப் பாத்தா இதே பூஞ்சை மருந்துக்குக் கொஞ்சம் கேக்குது. கண்ணுக்குள்ள கூட்டாச் சேந்து இருக்கறப்ப கேக்க மாட்டேங்குது."

வசந்தாவுக்கு ஒரு வார்த்தை பிடிபட்டது. "படலம்னா உரிச்சிடலாமுல்ல? எங்க அப்பாவுக்குப் படலம் உரிச்சாங்களே, அதுக்கப்புறம் பேப்பரே படிச்சாரு."

"அது கண்புரைம்மா. வேற. இதையும் மேலாகச் சுரண்டித்தான் விடுறோம். நூலு கீழ எறங்கியிருக்கு."

எனக்குப் புரிந்தது. களத்தில் இறுகிக் கிடந்த கட்டியின் மேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாலும் உள்ளே உள்ள நெல் நனையாது. புரிந்ததால் ஒரு பிரயோஜனமும் இல்லை. கட்டியாக இருந்தால் தூக்கி வரப்பில் எறிவோம். இது கண்.

அவர் இன்னொன்றும் கேட்டார். "வயல்ல குலைநோய்க்கு மருந்து அடிப்பீங்களா?"

"அடிப்பேங்க. இலை கருகுனாலும் அடிப்பேன். எல்லாரும் அடிக்கிறதுதான்."

"அதுல சிலது நாங்க குடுக்கற மருந்துக்குப் பங்காளி. வயல்லயே அதப் பாத்துப் பழகின பூஞ்சை இங்க வந்தா அசையாம நிக்கறது உண்டு. உங்களுக்கு அதனாலதான்னு நான் சொல்ல மாட்டேன். அது எனக்குத் தெரியாது."

பயிருக்கு அடிப்பதையும் மருந்து என்கிறோம், உடம்புக்குக் கொடுப்பதையும் மருந்து என்கிறோம். இரண்டுக்கும் ஒரே சொல் ஏன் என்று நான் யோசித்ததே இல்லை. கட்டிலில் படுத்துக்கொண்டு அதை நிறைய யோசித்தேன். வேறு வேலை என்ன இருக்கிறது?

பிறகு கருவிழிக்குள்ளேயே ஊசி போட்டார்கள். மரத்துப்போக மருந்து விட்டாலும் அழுத்தம் தெரியும். நெற்றிப்பொட்டு வரை விண்ணென்று இழுக்கும். வெளியே வந்தால் வசந்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, "முடிஞ்சிருச்சு, முடிஞ்சிருச்சு" என்பாள். அடுத்த ஊசிக்கும் அதையே சொன்னாள்.

சுதா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு நாள் வந்தாள். பச்சைக் குழந்தையை வார்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்றதால் நான் கூடத்துக்குப் போனேன். அவள் டாக்டரம்மா எப்போது வெளியே வருவார் என்று காத்திருந்து, வழியை மறித்துக் கேட்டாள்.

"மேடம், நான் குடுத்த பாலாலயா அப்பாவுக்கு இப்படி ஆச்சு?"

"பால் ஊத்தவே கூடாதும்மா. அதத் தெரிஞ்சுக்க. ஆனா இந்தப் பூஞ்சை நெல்லுல வந்தது. உன் பால்ல வந்ததில்ல."

சுதாவின் காதில் முதல் பாதிதான் விழுந்தது. அவள் அழுததைப் பார்த்துக் குழந்தையும் அழுதது. கையிலிருந்த பேரனை என் மடியில் வைத்தாள். வலது கண்ணுக்கு அவன் வெள்ளையான ஒரு அசைவு. இடது கண்ணுக்கு ஒரு துணி மூட்டை. முகத்தைக் கையால் தடவினேன். மூக்கு எங்கள் வீட்டு மூக்கு.

"சின்னப்புள்ளையில உனக்குத் தண்ணி பதமாக் காய்ச்சத் தெரியாது, இப்ப வைத்தியச்சி ஆயிட்டேன்னு நெனப்பா? ஒம் பாலுக்கு அவ்வளவு சக்தி கிடையாது. போ" என்றேன். நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அவளுக்கே ஆச்சரியம். அழுகையின் நடுவே சிரித்தாள். ஆனாலும் அவள் இன்றுவரை அந்தப் பாலாடையில் குழந்தைக்கு மருந்து கொடுப்பதில்லை. அலமாரிக்கு மேலே கவிழ்த்து வைத்திருக்கிறாள்.

கருவிழி மெலிந்து ஓட்டை விழும் நிலைக்கு வந்தது. இறந்துபோன ஒருவர் கொடுத்த கருவிழியை வைத்துத் தைத்தார்கள். யாருடையது என்று சொல்ல மாட்டார்கள். கட்டு அவிழ்த்த அன்று வசந்தாவின் புடவை சிவப்பு என்று தெரிந்தது. சிவப்பு என்றேன். அவள் "அரக்கு" என்று திருத்தினாள். அந்த வாரம் நான் மறுபடி விரல் படிக்கு ஏறினேன். மூன்று என்றேன், மூன்றுதான். அந்த ஒரு வாரத்தை என் வாழ்க்கையின் நல்ல வாரங்களில் ஒன்றாக வைத்திருக்கிறேன். யாரோ ஒருவருடைய வீட்டில் அது துக்க வாரமாக இருந்திருக்கும்.

பாயை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். கண்ணில் தழும்பு இருக்கும், பார்வை இருக்கும் என்றார்கள். கிளம்பும்போது என் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "மிராசு, அடுத்த அறுவடைக்கு உங்க வயலப் பாக்க வருவேன். நீங்கதான் வரப்புல கூட்டிட்டுப் போகணும்" என்றார்.

அவர் போன பிறகு, தையல் ஓரத்தில் பஞ்சு போல வெள்ளை தெரிந்தது. டாக்டரம்மா கருவியில் பார்த்தார். தள்ளி உட்கார்ந்தார். மறுபடி பார்த்தார். என்ன தெரிகிறது என்று நான் கேட்கவில்லை. அடியில் தூங்கியது எழுந்துவிட்டது என்று எனக்குத் தெரியும்.

அதன் பிறகு எல்லாம் இறக்கம்தான். புதுக் கருவிழியும் வெளுத்தது. வலி காது வரை போனது. சாப்பாடு இறங்கவில்லை. கை ஆடுவது தெரிந்தது, பிறகு அதுவும் நின்றது. ஒரு நாள் இருட்டறைக்குக் கூட்டிப்போய் டாக்டரம்மா இடது கண்ணைப் பொத்திவிட்டுக் கேட்டார்.

"ஐயா, டார்ச் வெளிச்சம் எந்தப் பக்கத்துல இருந்து வருது?"

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வசந்தா பின்னால் நிற்கிறாள் என்பது மட்டும் தெரியும். "வலது பக்கம்ங்க" என்றேன்.

அவர் என் இடது கண்ணிலிருந்து கையை எடுத்தார். பிறகு மெதுவாக, "நான் இன்னும் டார்ச்சப் போடவே இல்லையேய்யா" என்றார்.

கண்ணுக்குள்ளே உள்ளதை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். விட்டுவைத்தால் பின்னால் பரவும், வலிக்கும் முடிவு இருக்காது. காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்கு மச்சான் என் விரலைப் பிடித்துக் கொண்டுபோய் வைத்தார். கலியமூர்த்தி என்று எழுதினேன். கோடு தாண்டிப் போயிருக்கும். அறுவைக்குப் போகும் முன் வசந்தா திருநீறு எடுத்து நெற்றியில் இட்டாள். வலது கண் பக்கம் அவள் விரல் தயங்கியது. பிறகு அந்த இமையின் மேல் ஒரு தடவை விரலை வைத்து எடுத்தாள்.

வலி போனது. அதை மறைக்கக் கூடாது. கண்ணை எடுத்த பிறகு பல வாரங்களுக்குப் பின் நான் நன்றாகத் தூங்கினேன். தூங்கி எழுந்த பிறகுதான் எது போயிற்று என்பது தெரிந்தது. ஒன்றரையில் ஒன்று போய்விட்டது.

புண் ஆறியதும் பிளாஸ்டிக்கில் ஒரு கண் செய்து மாட்டினார்கள். நல்ல வேலைப்பாடாம். நிறம்கூட ஒத்துப்போகிறதாம். ஊனமுற்றோர் அட்டைக்குப் படம் எடுக்கப் போனபோது ஸ்டூடியோக்காரர், "அப்படியே நேராப் பாருங்க சார். சூப்பரா இருக்கு" என்றார். என் வாழ்நாளில் நான் நேராகப் பார்க்கிற படம் அதுதான். இப்போது எதிரே வருகிறவர்கள் அந்தக் கண்ணைப் பார்த்துத்தான் பேசுகிறார்களாம். பார்க்கிற கண்ணைப் பார்ப்பதில்லை. வசந்தா மட்டும் என் இடது பக்கமாக வந்து நின்று பேசுவாள். "அந்தக் கண்ணப் பாத்துப் பேசினா யாரோ வெளியாளுகிட்டப் பேசுற மாதிரி இருக்கு" என்பாள்.

பாய் சொன்னபடி வந்தார், அறுவடைக்குக் கொஞ்சம் முன்பே. வரப்பில் நான் அவரைக் கூட்டிப்போகவில்லை, அவர்தான் என் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். பச்சை தெரிந்தது. பயிர் ஒரே பச்சைச் சுவராக நின்றது. இலையில் புள்ளி விழுந்திருக்கிறதா, குலைநோய் தொட்டிருக்கிறதா, எனக்குத் தெரியாது. இனிமேல் மச்சான் பார்த்துச் சொன்னால்தான். "இதெல்லாம் நாலு பேருக்குச் சொல்லணும் மிராசு. நீங்க வாயத் தொறக்காத ஆளு. போன்ல சொல்லி வைங்க" என்று பாய் அன்றைக்குத்தான் சொன்னார்.

கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போன அன்று இடது கண்ணைப் பற்றி டாக்டரம்மா சொன்னார். சின்ன வயதிலிருந்தே மூளை அந்தக் கண்ணைச் சேர்த்துக்கொள்ளவில்லை, கண்ணாடி போட்டாலும் தெளியாது. "நல்ல கண்ணு போனதுக்கப்புறம் சில பேருக்கு இது கொஞ்சம் கூடறது உண்டு. நிச்சயமில்ல. எதிர்பாத்து இருக்காதீங்க." நான் கடைசி வார்த்தையைக் கேட்டுக்கொண்டேன். வசந்தா நடுவில் இருந்ததைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் கூடும்.

அன்றிலிருந்து காலையில் காபி குடித்ததும் என்னை வாசலில் வெளிச்சத்தில் உட்காரவைத்து எதிரே நின்று விரல்களைக் காட்டுகிறாள். ஆஸ்பத்திரியில் பார்த்துப் பழகியது.

"எத்தன?"

"ரெண்டு."

"சரி."

முதலில் முழங்கை தூரத்தில் நின்றாள். அந்தத் தூரத்தில் எனக்கு உண்மையாகவே தெரிந்தது. வாரம் போகப் போக ஒரு எட்டு, ஒரு எட்டாகப் பின்னால் போனாள். இப்போது மாமரத்தடியில் நிற்கிறாள். அங்கிருந்து எனக்கு அவள் உருவமே கலங்கல்தான். விரல் எங்கே தெரிகிறது? அவள் ஆசையாகக் கேட்கிறாளே என்று வாய்க்கு வந்ததைச் சொல்கிறேன். மூன்று என்பேன், சரி என்பாள். நாலு என்பேன், சரி என்பாள். குத்துமதிப்பில் இவ்வளவு சரியாகச் சொல்ல முடியுமா என்று எனக்கே ஒரு நாள் சந்தேகம் வந்தது. ஒருவேளை கண்தான் கூடிவருகிறதோ என்றுகூட நினைத்தேன். அப்படி நினைத்த அந்த ஒரு பகல் நன்றாக இருந்தது.

நேற்றுக் காலையும் மாமரத்தடியில் நின்றாள். சுதா ஊரிலிருந்து வந்திருக்கிறாள். பேரன் வசந்தாவின் இடுப்பில் இருந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தான், சத்தம் கேட்டது. அவனைத் தாங்கிய கை போக அவளுக்கு விரல் காட்ட மிச்சம் ஒரு கைதான்.

"எத்தன சொல்லுங்க?"

"ஏழு" என்றேன்.

அவள் உடனே, "சரி" என்றாள்.

இன்று காலையும் கேட்டாள். மூன்று என்றேன்.